நிற்குமா என்னும் வினா



இலக்கிய வட்டம் ஒன்றின் பத்தாம் ஆண்டு விழாவில் கணிப்பொறியைப் பற்றிய உரைக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். ஓட்டப்பிடாரத்தில் அந்த ஐயம் எழ வேண்டியதில்லை. 1872-இல் இவ்வூரில் பிறந்த வ.உ.சிதம்பரனார் கப்பல் ஓட்டியவர் மட்டுமல்லர். தொல்காப்பியத்திற்கு இளம்பூரணர் எழுதிய உரையைப் பதிப்பித்தவரும் ஆவார். விதிகளைச் சுருக்கமாகச் சொல்லி, முறைப்பட அடுக்கி, எந்த விதி எவ்விடத்தில் செல்லும் என்று வரையறுப்பது இலக்கண நூலின் இயல்பு. கணிப்பொறிக்கு எழுதப்படும் நிரலும் அத்தகைய விதித்தொகுதியே. 'இதைச் செய், பின்பு அதைச் செய், இன்னது நேர்ந்தால் முதல் விதிக்குத் திரும்பு, நேராவிட்டால் நில்' என்பதற்கு மேல் அதில் மாயம் ஒன்றும் இல்லை.

அந்த விதித்தொகுதியைக் குறித்து எழும் மிக எளிய வினா ஒன்று உண்டு. இயங்கத் தொடங்கிய நிரல் என்றேனும் நிற்குமா, நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்குமா? இந்த வினாவுக்கு எல்லா நிரல்களுக்கும் பொருந்தும்படி விடை கூறும் முறை எதுவும் இருக்க முடியாது என்பது 1936-இல் மெய்ப்பிக்கப்பட்டது. இதுவரை கண்டுபிடிக்கவில்லை என்பது இதன் பொருளன்று. கண்டுபிடிக்கவே இயலாது என்பது பொருள். அறிவின் எல்லை ஒன்றை அறிவே தெளிவாக வரைந்து காட்டிய நிகழ்ச்சி இது. அதனை விளங்கிக்கொள்ள நெல்லைச் சீமையில் பிறந்த கணித மேதை ஒருவர் விட்டுச்சென்ற சிறிய எண் ஒன்றே போதும்.

அதற்குமுன் ஒரு தெளிவு தேவை. நெடுநேரம் ஓடுவது வேறு. முடிவின்றி ஓடுவது வேறு. அரசன் ஒருவன் முடியாத கதை கேட்க விரும்பினான் என்றும், நெற்களஞ்சியத்தின் சிறு துளை வழியே குருவி ஒன்று வந்து ஒரு நெல்லை எடுத்துப் பறந்தது, மறுபடியும் வந்து ஒரு நெல்லை எடுத்துப் பறந்தது என்று கதை சொல்லி அவனைச் சலிக்கச் செய்தான் என்றும் ஒரு கதை பல நாடுகளில் வழங்குகிறது. கேட்பவர் அதனை முடியாக் கதை என்பர். கணித நோக்கில் அது முடியும் கதையே. களஞ்சியம் எவ்வளவு பெரிதாயினும் அதிலுள்ள நெல்மணிகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. கடைசி மணி பறந்ததும் கதை நின்றுவிடும். அரசனின் ஆயுள் போதாது என்பது கதையின் குற்றமன்று. நெல் ஒன்று போகும்போதே வேறொரு நெல் விளையும் என்று கதைசொல்லி விதித்திருந்தால்தான் அது உண்மையில் முடியாக் கதையாகும். நிற்குமா என்னும் வினா காலத்தின் அருமையைப் பற்றியதன்று. விதியின் தன்மையைப் பற்றியது.

இனி அந்த எண்ணுக்கு வருவோர் சுப்பய்யா சிவசங்கரநாராயண பிள்ளையை அறிந்துகொள்ள வேண்டும். அவர் 1901-ஆம் ஆண்டு ஏப்ரல் 5 அன்று குற்றாலத்திற்கு அருகிலுள்ள வல்லம் என்ற ஊரில் பிறந்தார். அது இன்று தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஓட்டப்பிடாரம் தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. அந்நாளில் இரண்டும் திருநெல்வேலி மாவட்டத்து ஊர்களே. செங்கோட்டையிலும் நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியிலும் திருவனந்தபுரத்திலும் பயின்று, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து, 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகச் சேர்ந்தார். வாரிங் சிக்கல் என்னும் புகழ்பெற்ற கணக்கில் அவர் கண்ட முடிவுகள் அவருக்கு உலகப் புகழ் தந்தன. எந்த முழு எண்ணையும் 73 ஆறாம் அடுக்குகளுக்கு மிகாமல் கூட்டிப் பெறலாம் என்றும், அந்த 73-ஐ மேலும் குறைக்க இயலாது என்றும் அவர் 1940-இல் நிறுவினார். பின்னர் அவர் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார்.

பிள்ளையின் மனத்தை நெடுங்காலம் பற்றியிருந்த வேறொரு பொருள் அடுக்கெண்களின் இடைவெளி. ஒரு முழு எண்ணை அதனாலேயே ஒருமுறையோ பலமுறையோ பெருக்கினால் வருவது அடுக்கெண். 2-ஐ மும்முறை எழுதிப் பெருக்கினால் 8. 3-ஐ இருமுறை எழுதிப் பெருக்கினால் 9. இவ்வாறு வரும் எண்களை வரிசைப்படுத்தினால் 1, 4, 8, 9, 16, 25, 27, 32, 36, 49, 64, 81, 100, 121, 125, 128 என்று நீளும். இவ்வரிசையில் இரண்டு எண்களை எடுத்து ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் என்னென்ன எண்கள் கிடைக்கும்? 9-இலிருந்து 8 போனால் 1. 27-இலிருந்து 25 போனால் 2. 128-இலிருந்து 125 போனால் 3. 36-இலிருந்து 32 போனால் 4. 32-இலிருந்து 27 போனால் 5. 16-இலிருந்து 9 போனால் 7. இடையில் விடுபட்டது 6.

ஆறை வேறுபாடாகத் தரும் இரண்டு அடுக்கெண்களை இன்றுவரை எவரும் கண்டதில்லை. அப்படி இரண்டு எண்கள் இல்லவே இல்லை என்று எவரும் மெய்ப்பித்ததும் இல்லை.

இதற்கொரு நிரல் எழுதுவது பள்ளி மாணவர்க்கும் எளிது. அடுக்கெண்களை வரிசையாக எடுத்துக்கொள். ஒவ்வொன்றிலிருந்தும் அதற்கு முன் வந்த ஒவ்வோர் அடுக்கெண்ணையும் கழித்துப் பார். 6 வந்தால் அந்த இரண்டையும் அச்சிட்டு நில். வராவிட்டால் அடுத்த அடுக்கெண்ணுக்குச் செல். நான்கே விதிகள். இந்த நிரல் நிற்குமா? இன்று உலகில் விடை அறிந்தவர் ஒருவரும் இல்லை.

பல்லாயிரம் கோடி வரை பார்த்தாகிவிட்டது, இனி எங்கே கிடைக்கப் போகிறது என்று சலித்துக்கொள்வதும் ஆபத்தானது. ஆறுக்குப் பதிலாகப் பத்தைத் தேடியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பார்த்தால் அது விளங்கும். நூறு வரை இல்லை. ஆயிரம் வரை இல்லை. இரண்டாயிரம் வரையிலும் இல்லை. பத்துக்கு இல்லை என்று அங்கே தீர்ப்பெழுதியவர் தவறியவராவார். 3-இன் ஏழாம் அடுக்கு 2187. 13-இன் மூன்றாம் அடுக்கு 2197. இரண்டுக்கும் வேறுபாடு சரியாகப் பத்து. முப்பதைத் தேடுபவர் 19-இன் மூன்றாம் அடுக்காகிய 6859-ஐயும், 83-இன் வர்க்கமாகிய 6889-ஐயும் அடையும்வரை பொறுத்தால் பயன் பெறுவார். பத்துக்குப் பொறுத்தவர் பெற்றதுபோல் ஆறுக்குப் பொறுப்பவரும் பெறுவாரா? 'இன்னும் கிடைக்கவில்லை' என்ற சொல்லை எத்தனை முறை அடுக்கினாலும் அது 'கிடைக்காது' என்ற சொல்லாக மாறுவதில்லை.

கரிசல் நிலத்தில் கிணறு வெட்டியவர்களுக்கு இந்த நிலை புதிதன்று. நீர் ஊறினால் வினா தீர்ந்தது. ஊற்றைக் கண்ணால் கண்ட பிறகு வாதம் இல்லை. ஊறாத வரையில் இன்னும் ஒரு முழம் வெட்டினால் ஊறுமோ என்ற எண்ணம் மிஞ்சியே நிற்கும். ஆம் என்ற விடை ஒருநாள் தானே வெளிப்படும். இல்லை என்ற விடை தானாக வெளிப்படாது. நிற்கும் நிரலின் நிலையும் நிற்காத நிரலின் நிலையும் இவ்வாறே ஏற்றத்தாழ்வு உடையவை. நிற்கும் நிரலை ஓடவிட்டால் போதும், நின்றதும் தெரிந்துவிடும். நிற்காத நிரலை எவ்வளவு ஓடவிட்டாலும் அது நிற்காது என்பதை அந்த ஓட்டம் சொல்லாது. உவமைக்கும் ஓர் எல்லை உண்டு. நிலத்தடியில் பாறை வரும். வெட்டுபவரின் கைப்பணம் தீரும். எண் வரிசைக்குப் பாறையும் இல்லை, அடித்தளமும் இல்லை.

ஓட்டிப் பார்த்துத்தான் அறிய வேண்டுமா? நிரலின் விதிகளைப் படித்தே அது நிற்குமா நிற்காதா என்று தீர்ப்புக் கூறும் மேல்நிரல் ஒன்றை எழுதிவிட்டால் என்ன? அப்படியொன்று கிடைத்தால் ஆறின் நிரலை அதனிடம் கொடுத்து ஒரு நொடியில் விடை பெறலாம். கணிதத்தில் நெடுநாள் தீராத எத்தனையோ வினாக்களை அவ்வாறே தீர்த்துவிடலாம். ஜெர்மானிய அறிஞர் ஹில்பர்ட்டும் அவருடைய மாணவர் ஆக்கர்மனும் 1928-இல் தர்க்க வாக்கியங்களின் மெய்ம்மையைத் தீர்மானிக்கும் பொதுமுறை ஒன்றை வேண்டியபோது இத்தகைய கனவே அவர்கள் முன் இருந்தது.

அந்தக் கனவு 1936-இல் கலைந்தது. அமெரிக்காவில் அலோன்சோ சர்ச் ஒரு வழியிலும், இங்கிலாந்தில் அப்போது இருபத்துநான்கு வயதைத் தொட்டுக்கொண்டிருந்த ஆலன் டியூரிங் வேறொரு வழியிலும், அப்படிப்பட்ட பொதுமுறை இருக்க முடியாது என்று காட்டினர். இன்றைய கணிப்பொறி அப்போது பிறக்கவில்லை. கம்ப்யூட்டர் என்ற ஆங்கிலச் சொல் அந்நாளில் கணக்குப் போடும் மனிதரையே குறித்தது. அந்த மனிதர் தாளும் எழுதுகோலும் கொண்டு செய்வதையே டியூரிங் ஒரு கற்பனைப் பொறியாக வடித்தார். நிற்றல் சிக்கல் என்ற பெயர் 1950-களில் வழங்கத் தொடங்கியது. அதன் உயிர்நாடி டியூரிங்கின் கட்டுரையிலேயே உள்ளது.

மெய்ப்பிப்பு அச்சம் தருவதன்று; சில வரிகளில் அடங்கும். எந்த நிரலையும் படித்து 'நிற்கும்' அல்லது 'நிற்காது' என்று பிழையின்றிக் கூறும் நிரல் ஒன்று இருப்பதாகக் கொள்வோர், அதற்கு நடுவர் என்று பெயரிடட்டும். அந்த நடுவரை உள்ளே வைத்து வேறொரு நிரல் எழுதலாம். அதற்கு எதிராளி என்று பெயர். எதிராளியின் வேலை இது: தன்னிடம் தரப்படும் நிரலின் எழுத்தை எடுத்துக்கொள்ளும், 'இந்த நிரலுக்கு இதன் எழுத்தையே உணவாகக் கொடுத்தால் நிற்குமா' என்று நடுவரைக் கேட்கும். நடுவர் 'நிற்கும்' என்றால் எதிராளி முடிவின்றிச் சுழலும். நடுவர் 'நிற்காது' என்றால் எதிராளி அக்கணமே நிற்கும். இப்போது எதிராளியிடம் எதிராளியின் எழுத்தையே கொடுத்தால் என்ன ஆகும்? நிற்கும் என்று நடுவர் கூறினால் அது சுழல்கிறது; நடுவர் பொய்த்தார். நிற்காது என்று கூறினால் அது நின்றுவிடுகிறது. அப்போதும் நடுவர் பொய்த்தார். பிழையே செய்யாதவர் என்று கொண்ட நடுவர் எப்படிக் கூறினும் பிழைபடுகிறார். ஆகவே அத்தகைய நடுவர் இல்லை. இனி எக்காலத்தும் எவராலும் ஆக்கப்படவும் இயலாது.

இந்த வாதத்தின் ஆற்றல் ஒரே ஓர் உண்மையில் தங்கியுள்ளது. நிரல் என்பது செயலும் ஆகும், எழுத்தும் ஆகும். செய்விக்கும் விதியாக நிற்கும் அதுவே வேறொரு நிரல் படிக்கும் பனுவலாகவும் ஆகிறது. தன்னைத் தானே படிக்கவும் கூடும். சொல்லைக் கொண்டே சொல்லை ஆராயும் இலக்கணத்தைப் பயின்றவர்களுக்கு இந்த இரட்டை நிலை எளிதில் புலப்படும்.

பொது நடுவர் இல்லை என்ற முடிவு எதிராளியைப் போல வேண்டுமென்றே புனைந்த நிரல்களோடு நின்றுவிடவில்லை. பிள்ளை ஈடுபட்ட துறைக்கே அது வந்து சேர்ந்தது. அவர் 1931-இலும் 1936-இலும் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வெளியிட்ட கட்டுரைகள், ஓர் எண்ணின் அடுக்கிலிருந்து மற்றோர் எண்ணின் அடுக்கைக் கழித்தால் வரும் மீதியைப் பற்றியவை. இத்தகைய சமன்பாடுகளில் அடுக்கைக் குறிக்கும் எண்ணும் அறியப்படாததாகவே இருக்கும். அவ்வகைச் சமன்பாடு எதைக் கொடுத்தாலும் அதற்கு முழு எண்களில் தீர்வு உண்டா இல்லையா என்று கூறும் பொதுமுறை இல்லை என்பதை மார்ட்டின் டேவிஸ், ஹிலரி புட்னம், ஜூலியா ராபின்சன் ஆகியோர் 1961-இல் நிறுவினர். அடுக்கில் அறியா எண் இல்லாத எளிய சமன்பாடுகளுக்கும் அதே முடிவுதான் என்று உருசியாவின் யூரி மத்தியாசேவிச் 1970-இல் காட்டினார். நிரலின் நிற்றலும் சமன்பாட்டின் தீர்வும் ஒரே வினாவின் இரு வடிவங்கள் என்பது இதனால் உறுதியாயிற்று.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. எதையுமே அறிய முடியாது என்று அறிவியலே ஒப்புக்கொண்டுவிட்டது என மேடைகளில் சிலர் முழங்குவதுண்டு. கவிதைகளிலும் அந்த முழக்கம் மலிவாகப் புகுந்துவிடுகிறது. டியூரிங் சொன்னது அதுவன்று. எல்லா நிரல்களுக்கும் ஒரே முறையால் விடை கூற இயலாது என்பதே அவர் கண்டது. இந்த நிரலுக்கு, அந்த நிரலுக்கு என்று தனித்தனியே விடை காண்பதை அவருடைய தேற்றம் தடுக்கவில்லை.

தமிழகத்து வாசல்களில் நாள்தோறும் இதற்குச் சான்று வரையப்படுகிறது. புள்ளிகளைச் சுற்றி வளைந்து செல்லும் சிக்குக் கோலத்தில் இழை புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வருமா? வளையும் விதி ஒவ்வோரிடத்திலும் உறுதியாக இருந்தால் கட்டாயம் வரும். புள்ளிகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. இழை எவ்விடத்தில் எத்திசையில் செல்கிறது என்னும் நிலைகளும் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. ஒவ்வொரு நிலைக்கும் அடுத்தது ஒன்றே, முந்தியதும் ஒன்றே. ஆகவே இழை என்றேனும் பழைய நிலைக்கு வந்தே தீரும். அப்படி வரும் முதல் நிலை தொடங்கிய நிலையாகவே இருக்கும். கோலத்தை வரைந்து முடிக்காமலேயே இதனைக் கூறிவிடலாம். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் ஜிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருத்திவாசனும் கோலங்களை விதிகளால் ஆன இலக்கணமாக ஆராய்ந்து 1974-இல் கட்டுரை வெளியிட்டதை இவ்விடத்தில் நினைத்தல் தகும். கணிப்பொறியியலின் கோட்பாட்டு ஆய்வுக்குத் தமிழ்ப் பெண்களின் கைவண்ணம் கருப்பொருளாயிற்று.

கோலத்தைப் போல நினைவிடம் வரையறுக்கப்பட்ட எந்தப் பொறிக்கும் நிற்றல் வினா கொள்கையளவில் தீரக்கூடியதே. பழைய நிலை மீண்டும் வந்தால் சுழற்சி உறுதி; வராவிட்டால் நிலைகள் தீர்ந்து நின்றாக வேண்டும். கொள்கைக்கும் நடைமுறைக்கும் உள்ள தொலைவு வேறு. சுழியம் அல்லது ஒன்றை ஏற்கும் இடங்கள் முந்நூறே கொண்ட மிகச் சிறிய நினைவகத்திற்குக்கூட, அதன் நிலைகளின் எண்ணிக்கை 91 இலக்கங்கள் கொண்டது. அதனால்தான் இன்று நிரல் எழுதுவோர் மூன்று வழிகளைக் கைக்கொள்கின்றனர். இவ்வளவு நேரத்திற்குள் முடியாவிட்டால் நிறுத்திவிடு என்று கெடு வைப்பது ஒன்று. ஒவ்வொரு சுற்றிலும் ஏதேனும் ஓர் அளவு குறைந்துகொண்டே வருகிறது, அது சுழியத்திற்குக் கீழே போகாது என்று காட்டி, நிற்பதை மெய்ப்பிப்பது மற்றொன்று. களஞ்சியத்து நெல் குறைவதைக் காட்டியது போன்ற வாதம் இது. நிற்கும் நிரல்களை மட்டுமே எழுத இடம்தரும் கட்டுப்பட்ட மொழிகளைப் பயன்படுத்துவது மூன்றாவது. முதல் வழி உண்மையைச் சொல்வதில்லை. பொறுமையின் அளவை மட்டும் சொல்கிறது. இரண்டாவது வழிக்கு ஒவ்வொரு நிரலிலும் தனிச் சிந்தனை வேண்டும். மூன்றாவது வழியில் செல்வோர் சில கணக்குகளை எழுதும் உரிமையை இழக்கின்றனர். இழப்பின்றி எல்லாம் பெறும் நான்காவது வழி இல்லை.

ஆறின் வினாவிலும் தனிச் சிந்தனை சிறிது தூரம் சென்றிருக்கிறது. இரண்டு அடுக்கெண்களின் வேறுபாடு ஆறு என்றால் இரண்டும் இரட்டையாகவோ இரண்டும் ஒற்றையாகவோ இருக்க வேண்டும். இரட்டை அடுக்கெண் எதுவும் நான்கால் வகுபடும், அத்தகைய இரண்டின் வேறுபாடும் நான்கால் வகுபடும், ஆறு வகுபடாது. எனவே இரண்டும் ஒற்றை எண்களே. இரண்டும் வர்க்கங்களாக இருக்கவும் முடியாது. ஒற்றை வர்க்கங்கள் இரண்டின் வேறுபாடு எட்டால் வகுபடும். எந்தப் பொறியையும் ஓட்டாமல், இரண்டு வரிச் சிந்தனையால் தேட வேண்டிய பரப்பின் பெரும்பகுதி கழிந்துவிட்டது. மீதிப் பகுதிக்குத்தான் இன்னும் வழி பிறக்கவில்லை.

ஒன்று என்ற எண்ணின் கதை நம்பிக்கை தருவது. 8, 9 தவிர ஒன்றை வேறுபாடாகக் கொண்ட அடுக்கெண்கள் வேறில்லை என்று பெல்ஜிய அறிஞர் கத்தலான் 1844-இல் கருதினார். இரண்டாவது இணையைத் தேடும் நிரல் நிற்காது என்பதே அந்தக் கருத்து. அது 158 ஆண்டுகள் வெறும் கருத்தாகவே இருந்தது. 2002-இல் பிரேதா மிகைலெஸ்கு அதனை மெய்ப்பித்தார். அந்த நிரல் நிற்காது என்று இன்று உறுதியாகக் கூறலாம். அவ்வுறுதி ஒரு பொது நடுவரிடமிருந்து வந்ததன்று. அந்த ஒரு வினாவுக்கென்றே அமைந்த நெடிய சிந்தனையிலிருந்து வந்தது.

எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும் அதனை வேறுபாடாகத் தரும் இணைகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவையே என்பது பிள்ளையின் கருதுகோள். அடுக்கெண்களின் வரிசையில் அடுத்தடுத்த எண்களின் இடைவெளி போகப்போக எல்லையின்றி விரியும் என்ற வடிவில் அவர் அதனை 1945-இல் அச்சிட்டார். ஒன்றுக்கு அது மெய்யாகிவிட்டது; பொதுவாக இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை. நாளை மெய்ப்பிக்கப்பட்டாலும் ஆறின் நிரல் நிற்குமா என்பது உடனே தெரிந்துவிடாது. எண்ணிக்கைக்கு உட்பட்டது என்பதில் சுழியமும் அடங்கும். எந்த இடம்வரை தேடினால் போதும் என்ற எல்லையும் உடன் கிடைத்தால்தான் தேடுபவர் கையை எடுக்கலாம்.

1950-இல் பிள்ளைக்குப் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. டியூரிங் 1938-இல் முனைவர் பட்டம் பெற்ற ஊர் அது. ஹார்வர்டில் நடைபெற்ற பன்னாட்டுக் கணித மாநாட்டிலும் கலந்துகொள்ளப் புறப்பட்ட பிள்ளை, ஆகஸ்டு 31 அன்று கெய்ரோவுக்கு அருகே நிகழ்ந்த விமான விபத்தில் நாற்பத்தொன்பதாம் வயதில் மறைந்தார். டியூரிங் அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து நாற்பத்தொன்றாம் வயதில் இறந்தார். ஒருவர் தனி வினாக்களின் முன் ஆண்டுக்கணக்கில் அமர்ந்திருந்தார். மற்றவர் அப்படி அமராமல் எல்லாவற்றையும் ஒருசேரத் தீர்க்கும் குறுக்குவழி இல்லை என்று காட்டினார். ஒருவர் செய்ததன் அருமை மற்றவர் கண்ட முடிவால் விளங்குகிறது.

எழுதுவோர்க்கு இதில் எடுத்துக்கொள்ளத் தக்கது ஒன்றுண்டு. அறிய முடியாது என்ற சொல்லைக் கையாளும்போது, எது அறியப்படவில்லை, எது அறியப்படவே இயலாது, எது அறியும் முயற்சி கைவிடப்பட்டதால் மட்டும் இருளில் கிடக்கிறது என்று பிரித்துச் சொல்லும் கடமை அவர்களுக்கு இருக்கிறது. ஆறின் வினா முதல் வகை. பொது நடுவர் இரண்டாம் வகை. மூன்றாம் வகையை உலகில் மிகுதியாக்காமல் இருப்பது படிப்போர், எழுதுவோர் அனைவர் கையிலும் உள்ளது. வல்லத்தில் பிறந்தவர் தொட்ட வினா இன்னும் திறந்தே இருக்கிறது. அதைத் தீர்க்கப் பெரிய பொறி வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கரிசல் காட்டுப் பள்ளி ஒன்றில் படிக்கும் பிள்ளைக்கும் அதற்குத் தாளும் எழுதுகோலும் போதும்.